எந்த யோகா எனக்குச் சரி? ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒரு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு யோகா பற்றிப் பேசப் போறோம். "ஐயோ, மறுபடியுமா"ன்னு இயர்போனைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். யோகா நல்லதுன்னு சொல்ற எபிசோட் இல்லை இது. அது உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் வீட்டில் நாலு நாளுக்கு மேல ஏன் நடக்க மாட்டேங்குது? அஷ்டாங்கா, ஐயங்கார், வின்யாசா, ஹதா, மனவளக்கலைன்னு இத்தனை பெயர் இருக்கே, அதில் எதைப் பிடிக்கிறது? இந்த ரெண்டு கேள்விதான் இன்றைக்கு.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. ஜவ்வாது மலையிலிருந்து ஒரு தோழி மெயில் அனுப்பியிருந்தாங்க. அங்கே ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். சென்னையில் இருந்தவரைக்கும் வாரம் மூணு நாள் ஸ்டூடியோவில் வின்யாசா கிளாஸ் போயிருக்காங்க. இப்போ மலைக்கு மாறி ஒரு வருஷம் ஆகுது. பக்கத்தில் கிளாஸ் இல்லை. தங்கியிருக்கிற இடத்தில் சிக்னல் வந்தா வரும், வராட்டா இல்லை. ஏற்கனவே டவுன்லோடு பண்ணி வச்ச நாலஞ்சு வீடியோவைப் பார்த்துச் செஞ்சதில் மணிக்கட்டும் முழங்காலும் வலிக்க ஆரம்பிச்சிருக்கு. அவங்க கேட்டது இதுதான்: "நான் தப்பான ஸ்டைலைச் செய்யறேனா? டீச்சர் இல்லாத இடத்தில் எந்த ஸ்டைல் பாதுகாப்பானது? இல்ல, விட்டுடறதுதான் நல்லதா?"

ஜவ்வாது மலை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கு. ஜமுனாமரத்தூர்தான் மையமான ஊர். மலையாளி என்ற பழங்குடி மக்கள் அதிகம் வாழும் இடம். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்காதீங்க. சாமை, தேன், புளி, பலா எல்லாம் அங்கிருந்து வரும். காவலூரில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகமும் இதே மலையில்தான்.

நகரத்தில் இருக்கிற நாம் யோகா செய்யறதுக்காக வீக்கெண்டில் மலை ஏறுறோம். மலையிலேயே இருக்கிறவங்க "கிளாஸ் இல்லையே"ன்னு கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் பிரச்சினை ஒண்ணுதான். யோகாவை ஒரு இடத்தோடயும் ஒரு பெயரோடயும் கட்டிப் போட்டுட்டோம். அந்தக் கட்டை அவிழ்க்க, ஒரு பழைய வாத்தியாரின் கதை உதவும்.

ஒரே வாத்தியார், நாலு ஸ்டைல்

திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888-இல் இன்றைய கர்நாடகத்தில் பிறந்தவர். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1950 வாக்கில் அது மூடப்பட்டது. பிறகு சென்னைக்கு வந்தார். 1989-இல் இறக்கும்வரை சென்னைதான். நூறு வயது வாழ்ந்த மனுஷர்.

இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்டூடியோ போர்டில் தொங்குகிற பெயர்களில் பாதியை இவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். எப்படின்னு பாருங்க.

முதல் ஆள், பட்டாபி ஜோய்ஸ். பன்னிரண்டு வயதில் கிருஷ்ணமாச்சார்யாவிடம் சேர்ந்தவர். மைசூரில் அப்போது கற்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். துள்ளிக் குதிக்கிற உடம்புகள். அவர்களுக்கு ஏற்றபடி ஆசனத்துக்கு ஆசனம் மூச்சோடு தாவிப் போகிற வேகமான முறை கற்பிக்கப்பட்டது. ஜோய்ஸ் அதை மைசூரிலேயே வைத்து வளர்த்தார். அதுதான் இன்றைய அஷ்டாங்க வின்யாசா. ஆசனங்களின் வரிசை மாறாது. முதல் தொடரை முழுசா முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமையும் அமாவாசை, பௌர்ணமியும் லீவு. நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் "வின்யாசா ஃப்ளோ", "பவர் யோகா"ன்னு வருகிற பல கிளாஸ்களுக்கு இதுதான் தாய்வீடு.

இரண்டாவது ஆள், பி.கே.எஸ். ஐயங்கார். 1918-இல் பிறந்தவர். கிருஷ்ணமாச்சார்யாவின் மனைவி இவருக்கு அக்கா. சின்ன வயசில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய்ன்னு உடம்பு நொந்து போயிருந்த பையன். அத்திம்பேர் வீட்டுக்கு வந்துதான் ஆசனம் கற்றார். 1937-இல் புனேவுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கும்போது பதினெட்டு வயசு. நலிந்த உடம்பிலிருந்து வந்தவர் என்பதால், எந்த எலும்பு எங்கே நிற்கணும் என்பதிலேயே அவர் கவனம் போனது. உடம்பு எட்டாத இடத்துக்குச் செங்கல் மாதிரி மரக்கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி, போர்வை எல்லாம் கொண்டுவந்தார். இன்றைக்கு ஸ்டூடியோவில் நீங்க பார்க்கிற "யோகா பிளாக்" அவர் வழியாக வந்து பரவியதுதான். 1966-இல் வந்த அவருடைய "லைட் ஆன் யோகா" புத்தகம் இன்னும் விற்குது.

மூன்றாவது, இந்திரா தேவி. 1899-இல் ரீகாவில் பிறந்த ஐரோப்பியப் பெண். நாடகம், சினிமா என்று சுற்றியவர். முதலில் கிருஷ்ணமாச்சார்யா சேர்த்துக்கொள்ளவில்லை. மகாராஜா சொன்ன பிறகுதான் 1930-களின் கடைசியில் சேர்த்தார். சேர்த்த பிறகு, மைசூர்ப் பையன்களுக்குக் கொடுத்த தாவலையும் குதியையும் இவருக்கு அப்படியே கொடுக்கவில்லை. இந்திரா தேவி பிறகு ஷாங்காயிலும், 1947-இல் ஹாலிவுட்டிலும் யோகா கற்றுக்கொடுத்தார். அவருடைய முறை மென்மையானது. அமெரிக்கப் பெண்கள் பலர் யோகாவுக்குள் வந்தது அந்த வழியில்தான்.

நான்காவது, கிருஷ்ணமாச்சார்யாவின் சொந்த மகன் தேசிகாச்சார். இவர் இன்ஜினியரிங் படிச்சவர். அப்பாவின் தொழிலில் பெரிய ஆர்வம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கி வந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் அப்பாவைக் கட்டிப் பிடித்து நன்றி சொன்னார். ஆசாரமான அந்த வீட்டில் அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. என்ன ஏதுன்னு விசாரிச்சா, பல காலம் தூக்கம் வராமல் தவித்தவர் அவர். மாத்திரை இல்லாமல் தூங்கினாராம். அதைப் பார்த்துத்தான் மகன் அப்பாவிடம் மாணவனாக உட்கார்ந்தார். 1976-இல் அப்பா பெயரிலேயே சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கே அடிப்படை விதி: ஆளுக்கு ஏற்ற யோகா. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர். "வினியோகா" என்ற பெயர் இதற்கு வெளிநாட்டில் ஒட்டிக்கொண்டது.

இப்போ நாலு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்க. ஒருத்தர் மாறாத வரிசை என்கிறார். ஒருத்தர் நிலையில் துல்லியம் என்கிறார். ஒருத்தர் மென்மை. ஒருத்தர் ஆளுக்கு ஆள் வேற. நாலு பேருக்கும் வாத்தியார் ஒருத்தரே. அவர் எதிரே நின்ற உடம்பு வேற, வயசு வேற, காலம் வேற. அதனால் பாடமும் வேற.

இன்றைய எபிசோடில் நான் சொல்ல வந்ததே இதுதான். ஸ்டைல் என்பது யாரோ ஒருவரின் உடம்புக்குக் கிடைத்த பதில். அது உங்களுக்கும் பதிலா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதிலைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி உங்க கேள்வி என்னன்னு தெரியணும்.

மற்ற கிளைகள், சுருக்கமாக

எல்லாமே மைசூரிலிருந்து வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான்; இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் என்று எட்டு அங்கங்களையும் வரிசையாகப் பேசும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் கிட்டத்தட்ட 195 சூத்திரங்கள். ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே மூன்று. ஆசனம் உறுதியாகவும் இருக்கணும், சுகமாகவும் இருக்கணும் என்பதுதான் அங்கே சாரம். இந்த இரண்டு அளவுகோலையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சிவானந்தா யோகா: சுவாமி சிவானந்தர் 1887-இல் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்தவர். ஆமாம், பாய்க்குப் பேர் போன அதே பத்தமடை. மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் போனார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா வகுத்த பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள்தான் சிவானந்தா கிளாஸ்களில் வரும். சூரிய நமஸ்காரம், ஆசனம், நடுநடுவே சவாசனம், பிராணாயாமம் என்று நிதானமாகப் போகும்.

மனவளக்கலை: கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்தது. கை, கால், மூச்சு, கண், அக்குபிரஷர் என்று எளிய உடற்பயிற்சிகள், அதோடு தியானம், காயகல்பம். தமிழ்நாட்டில் சின்ன ஊர்களிலும் மன்றம் இருக்கும். உங்க அம்மாவோ சித்தப்பாவோ போயிருக்கலாம். "அது பெரியவங்களுக்கு"ன்னு ஒதுக்க வேண்டாம். தலைகீழா நிக்காமல் தொடங்கணும்னு நினைக்கிற யாருக்கும் வசதியான வழி.

ஹாட் யோகா: பிக்ரம் சௌத்ரி பரப்பிய முறையில் 26 ஆசனங்கள், 40 டிகிரி சூடாக்கிய அறை. சித்திரை மாசத்துச் சென்னையில் இதுக்குத் தனியா காசு கொடுக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

யின், ரெஸ்டோரேட்டிவ்: ஒரு நிலையில் மூணு, அஞ்சு நிமிஷம் தங்குவது. யின்னில் ஒரு மெல்லிய இழுவை இருக்கும். ரெஸ்டோரேட்டிவில் தலையணையும் போர்வையும் உடம்பைத் தாங்கும், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.

வீட்டில் ஏன் நாலு நாளில் நின்று போகுது?

நிறைய பேர் எங்களுக்கு எழுதுற காரணங்களில் மூணு திரும்பத் திரும்ப வருது.

ஒண்ணு, அளவு பெருசு. ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் செஞ்சோம்னு வீட்டிலும் ஒரு மணி நேரம் போடுறோம். ஸ்டூடியோவில் வாத்தியார் குரல், பக்கத்து ஆள், கட்டின பணம் எல்லாம் சேர்ந்து நம்மைத் தள்ளும். வீட்டில் தள்ள ஆள் இல்லை. குக்கர் விசில்தான் இருக்கு.

ரெண்டு, ஸ்க்ரீன். எந்த வீடியோன்னு தேடவே பத்து நிமிஷம் போயிடும். அப்புறம் கழுத்தைத் திருப்பித் திருப்பி போனைப் பார்த்துக்கிட்டே ஆசனம். வீடியோவில் இருக்கிறவர் அடுத்ததுக்குப் போயிடுவார். நாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவோம். நம்ம தோழியோட மணிக்கட்டு வலிக்கும் இதில் பங்கு இருக்கலாம். வின்யாசாவில் பலகை மாதிரி நின்று இறங்குகிற சதுரங்க தண்டாசனம் அடிக்கடி வரும். களைப்பில் தோள் தொங்கினா, பாரம் எல்லாம் மணிக்கட்டுக்குப் போகும். கிளாஸில் வாத்தியார் "முட்டியை கீழே வச்சுக்கோ"ன்னு சொல்லியிருப்பார். வீடியோவுக்கு உங்களைத் தெரியாது.

மூணு, தினம் ஒரு புதுசு. இன்றைக்கு இடுப்பு, நாளைக்கு முதுகு, அடுத்த நாள் "30 நாள் சேலஞ்ச்". ஒரே விஷயத்தைத் திரும்பச் செய்தால்தானே நேற்றைவிட இன்றைக்கு என்ன மாற்றம்னு தெரியும்?

ஒரு தாளும் குச்சி மனிதர்களும்

இந்த மூணுக்கும் சேர்த்து ஒரு பழைய தீர்வு இருக்கு. தேசிகாச்சார் வழியில் கற்றுக்கொடுக்கிறவர்கள், மாணவரோடு பேசி, அவர் உடம்பைப் பார்த்து, அவருக்கான பயிற்சியை ஒரு தாளில் குச்சி மனிதன் படங்களாக வரைந்து கொடுப்பார்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கும் கைகாலுக்கும் கோடு. எப்போ மூச்சு உள்ளே, எப்போ வெளியே, எத்தனை தடவை என்று பக்கத்தில் குறிப்பு. மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்வார். சில வாரம் கழித்துத் திரும்ப வந்தால் தாள் மாறும்.

பாருங்க, சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், விளம்பரம் வராது. பயிற்சி ஒரு பக்கத்துக்குள் அடங்கியாகணும். அதனால் அளவு தானாகவே சின்னதாகும். ஒரு வாரத்தில் தாளும் வேண்டாம், மனசில் பதிஞ்சிடும்.

தாள் போடறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி. உடம்பில் இப்போ எங்கே வலி, எங்கே இறுக்கம்? நாள் முழுக்க உடம்பு என்ன செய்யுது: உட்காருதா, நிக்குதா, நடக்குதா? எந்த நேரம் நிஜமாகவே உங்களுடையது? எந்த இடம், எந்தத் தரை? எதுக்காகச் செய்யறீங்க: தூக்கமா, முதுகா, பதற்றமா, சும்மா பிடிச்சிருக்கா?

தோழியின் பதிலை அவங்க மெயிலிலிருந்தே எடுக்கலாம். வலி, மணிக்கட்டும் முழங்காலும். நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கிறாங்க, மேடும் பள்ளமுமா நடக்கிறாங்க. நேரம், பிள்ளைகள் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அரை மணி. இடம், சிமெண்ட் தரை, காலையில் ஜில்லுன்னு இருக்கும். எதுக்காகன்னா, "தனியா இருக்கேன், ராத்திரி மனசு ஓடிக்கிட்டே இருக்கு"ன்னு எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரிதான் என்னை இந்த எபிசோடைச் செய்ய வச்சது.

இருபது நிமிடத் தாள்

இதை மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. ஒரு தாள் எப்படி உருவாகுதுன்னு காட்டும் மாதிரி. ஆரோக்கியமா இருக்கிறவங்க செய்யக்கூடிய எளிய அசைவுகள்தான். பொது விதி ரெண்டு: கையை உயர்த்தும்போதும் நெஞ்சு விரியும்போதும் மூச்சு உள்ளே, குனியும்போதும் வயிறு ஒடுங்கும்போதும் மூச்சு வெளியே. அசைவு மூச்சுக்குள்ள அடங்கணும். மூச்சு அசைவைத் துரத்தக் கூடாது.

1. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதம் தரையில். ஒரு கை வயிற்றில். 2 நிமிடம், மூச்சைக் கவனிக்க மட்டும்.

2. கைகளால் முழங்கால்களைப் பிடித்து, மூச்சு வெளியே விடும்போது நெஞ்சுப் பக்கம், உள்ளே இழுக்கும்போது கை நீளும் அளவுக்குத் தள்ளி. 8 தடவை.

3. பாதத்தை ஊன்றி, மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்கி, வெளியே விட்டுக்கொண்டே முதுகை ஒவ்வொரு கணுவாக இறக்க. 6 தடவை. இது சேதுபந்தத்தின் எளிய வடிவம்.

4. எழுந்து நின்று தாடாசனம். மூச்சோடு கை மேலே, மூச்சோடு கீழே. 6 தடவை. குதிகாலைத் தூக்கலாம், தடுமாறினால் வேண்டாம்.

5. நின்றபடி முன்னால் குனிதல். முழங்கால் நிச்சயமாக மடங்கியே இருக்கட்டும். கை தொடைக்கோ முழங்காலுக்கோ வந்தால் போதும். தரையைத் தொடறதுக்கு யாரும் பரிசு கொடுக்கப் போறதில்லை. 6 தடவை.

6. வீரபத்ராசனம். ஒரு கால் முன்னே, முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே. மூச்சோடு மடக்கிக் கை உயர்த்தி, மூச்சோடு திரும்ப. பக்கத்துக்கு 4 தடவை, கடைசியில் மூணு மூச்சு தங்கலாம்.

7. படுத்து, காலை நாற்காலி மேலேயோ கட்டில் மேலேயோ போட்டு 3 நிமிடம். நாள் முழுக்க நிற்கிற காலுக்கு இது பெரிய நிம்மதி.

8. நாற்காலியிலோ மடித்த போர்வை மேலோ உட்கார்ந்து, நாலு எண்ணும் வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. 12 மூச்சு. மூச்சை அடக்க வேண்டாம்.

9. சவாசனம், 3 நிமிடம். குளிருக்குப் போர்வை போத்திக்கலாம்.

கவனிச்சீங்களா? மணிக்கட்டில் பாரம் விழுற ஆசனம் ஒண்ணுகூட இல்லை. முழங்காலை முழுசா மடக்கி உட்காரும் வஜ்ராசனம், பத்மாசனம் இல்லை. வலி தீர்ந்து ஒரு மாசம் ஆனதும் யோசிக்கலாம். ராத்திரி மனசு ஓடுதுன்னா, 7-ஐயும் 8-ஐயும் மட்டும் படுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை செய்யலாம்.

யோகா மேட் இல்லாட்டா ஜமக்காளம் போதும். கோரைப் பாய் சிமெண்ட் தரையில் வழுக்கும். அதில் படுக்கலாம், உட்காரலாம். நின்று செய்யும் மூணையும் வெறுங்காலோடு தரையிலேயே செய்யுங்க.

இதையே ஓ.எம்.ஆரில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து கோடு எழுதுறவருக்குப் போட்டா, தாள் மாறும். அவருக்கு இடுப்பின் முன்பக்கம் இறுகியிருக்கும், தோள் முன்னால் வளைஞ்சிருக்கும். அப்போ 3-ஐயும் 6-ஐயும் கூட்டுவோம், 5-ஐக் குறைப்போம். நாள் முழுக்க மடங்கியே இருக்கிற உடம்பை மறுபடியும் எதுக்கு மடக்கணும்? கிருஷ்ணமாச்சார்யா செய்ததும் இதேதான், நம்மளவிடப் பல மடங்கு நுணுக்கமா.

நாலு வாரம் மாற்றாதீங்க

தாளைச் சுவரில் ஒட்டுங்க. நாலு வாரம் ஒரே தாள். அலுப்பு வரும், வரட்டும். அதுக்கப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க: ஒரு ஆசனம் சேர்க்கலாம், அல்லது ஒண்ணில் தங்கும் நேரத்தைக் கூட்டலாம். ரெண்டையும் சேர்த்து மாத்தினா, எதனால் வலி வந்தது, எதனால் நல்லாச்சுன்னு தெரியாது.

மோசமான நாளுக்கு ஒரு குட்டித் தாள் வச்சுக்கோங்க. 1, 4, 8. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. பரீட்சை, ஜுரம் விட்ட மறுநாள், ரிலீஸ் நைட்டுக்கு அடுத்த காலை, இதுக்கெல்லாம் அது. குட்டித் தாள் செஞ்ச நாளும் செஞ்ச நாள்தான்.

சரியாச் செய்யறோமான்னு எப்படித் தெரியும்? முன்னாடி சொன்ன ரெண்டு அளவுகோல். உறுதியா இருக்கா? சுகமா இருக்கா? நடுங்கினா உறுதி இல்லை. பல்லைக் கடிச்சா, மூச்சு திக்கினா சுகம் இல்லை. தசை இழுபடுற உணர்வு பரவாயில்லை. மூட்டுக்குள்ள குத்துற வலி, மரத்துப் போறது, காலுக்குப் பரவும் வலி, தலைசுத்தல் வந்தா உடனே நிறுத்தணும், டாக்டரைப் பார்க்கணும்.

கட்டுப்படாத ரத்த அழுத்தம், க்ளாகோமா, கழுத்துப் பிரச்சினை உள்ளவங்க சிரசாசனம், சர்வாங்காசனம் பக்கம் போக வேண்டாம். கர்ப்பமா இருக்கிறவங்க, டிஸ்க் பிரச்சினை உள்ளவங்க, ஆபரேஷன் முடிஞ்சவங்க, இந்த மாதிரித் தாளைக்கூட டாக்டரிடமும் ஆசிரியரிடமும் காட்டிட்டுத்தான் தொடங்கணும். யாரா இருந்தாலும், தலைகீழ் நிலைகளையும் மூச்சை அடக்கும் கும்பகத்தையும் வீடியோ பார்த்துக் கத்துக்காதீங்க. முழுச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவில் மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

இன்னொண்ணு. யோகா மட்டும் போதுமான்னு கேட்டா, பெரும்பாலும் போதாது. பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், ரெண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மலையில் ஏறி இறங்கும் நம்ம தோழிக்கு நடை தானாகவே கிடைச்சிடும். லிஃப்ட்டில் ஏறி கேபில் போற நமக்குத்தான் அது தனி வேலை.

அப்போ டீச்சர் வேண்டாமா?

வேணும். தினம் வேணும்னு இல்லை. தோழிக்கு எங்க பதில் இது: விட வேண்டாம். ஸ்டைலும் தப்பில்லை, இப்போ இருக்கிற உடம்புக்கும் நாளுக்கும் அது பொருந்தலை, அவ்வளவுதான். முழங்கால் வலி ரெண்டு வாரத்தில் குறையலைன்னா முதல்ல டாக்டர். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு இறங்கும்போது, தனித்தனியா பார்த்துச் சொல்லிக் கொடுக்கிற ஒரு ஆசிரியரைப் பாருங்க. தாளைக் கையில் கொண்டுபோங்க. நல்ல ஆசிரியர் முதலில் "உனக்கு என்ன ஸ்டைல் பிடிக்கும்"னு கேக்க மாட்டார். "எப்படித் தூங்குறே, எங்கே வலிக்குது, என்ன வேலை பாக்குறே"ன்னு கேப்பார். அந்தக் கேள்வி வந்தா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

கிருஷ்ணமாச்சார்யாவுக்கு 96 வயசில் இடுப்பெலும்பு முறிஞ்சது. அறுவை சிகிச்சை வேண்டாம்னு சொல்லிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கே வகுத்துக்கிட்டார். அறுவை சிகிச்சை விஷயத்தில் அவரைப் பின்பற்றச் சொல்லலை. நீங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஆனா ஒண்ணு பாருங்க. சிறுவர்களைத் தாவ வச்ச அதே மனுஷர், தன் உடம்பு படுக்கைக்கு வந்தப்போ படுக்கைக்கு ஏத்த பாடத்தை எழுதிக்கிட்டார். உங்க தாளையும் அப்படித்தான் எழுதணும். போன வருஷத்து உடம்புக்கோ, இன்ஸ்டாகிராமில் பார்த்த உடம்புக்கோ எழுதக் கூடாது.

இந்த வாரத்து வேலை இதுதான்: அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதுங்க, ஒரு தாள் எடுங்க, குச்சி மனிதர்களை வரைங்க. படம் கோணலா இருந்தாலும் பரவாயில்லை. போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. நாலு வாரம் கழிச்சு எத்தனை பேர் தாள் இன்னும் சுவரில் இருக்குன்னு கேக்கப் போறோம். அடுத்த எபிசோடில் தூக்கம் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் நல்லா மூச்சு விடுங்க.